ரெண்டு விரல் இடைவெளி

அந்தக் குடிநீர் ஆய்வகத்தில் பாட்டிலை நிறைப்பது குற்றம்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அங்கே ஒரு ஃப்ரிட்ஜ் இருந்தது. தன் இஷ்டத்துக்குக் குளிரும். ஒரு திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தால், சோதனைக்கு வைத்திருந்த தண்ணீர் பாட்டில்கள் எல்லாம் உறைந்து வெடித்துக் கண்ணாடித் துண்டுகளாகக் கிடந்தன. அப்போதிருந்த அதிகாரி உடனே நடவடிக்கை எடுத்தார். ஃப்ரிட்ஜை மாற்றவில்லை. அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும். சுற்றறிக்கைக்கு யார் அனுமதியும் வேண்டாம். இனிமேல் மாதிரி பாட்டில்களில் இரண்டு விரல் இடைவெளி விட்டே தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போட்டார். அடுத்த வருடமே ஃப்ரிட்ஜ் செத்தது. புதுசு வந்தது. அதிகாரி ஓய்வு பெற்றுப் பேரனைத் தூக்கப் போய்விட்டார். சுற்றறிக்கை மட்டும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது.

அதைக் காப்பாற்றி வந்தவர், மாதிரி எடுக்கும் ஊழியர். பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. ரெண்டு விரல் என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். குழாயடியில் பாட்டிலைப் பிடித்து, கழுத்தில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் படுக்கப் போட்டு அளப்பார். கூடினால் கொட்டுவார், குறைந்தால் சேர்ப்பார். தடித்த விரல்கள். மருத்துவர் நாடி பார்ப்பதுபோல அதில் ஒரு பக்தி இருக்கும். ஊரில் மாதிரி எடுக்கும் இடங்கள் ஒன்பது. ஒன்பதிலும் மாதம் தவறாமல் அதே இரண்டு விரல்.

இதில் வில்லங்கம் எங்கே என்று சொல்ல வேண்டும். ஆற்றுத் தண்ணீரில் கிருமி இருக்கும். கிருமியைக் கொல்லக் குளோரின் போடுவார்கள். போட்டே ஆக வேண்டும்; போடாவிட்டால் ஒரே வாரத்தில் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும். ஆனால் தண்ணீரில் மக்கிய இலைதழையும் சேறும் இருந்தால், குளோரின் அவற்றோடும் உறவு கொண்டாடும். குழாய்க்குள்ளேயே குடித்தனம் நடத்தி, ட்ரைஹாலோமீத்தேன் என்று ஒரு வகையறாவைப் பெற்றுப் போடும். தண்ணீர் குழாயில் எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவு வம்சவிருத்தி. இன்றைக்குக் குடித்து நாளைக்கு யாரும் சாவதில்லை. வருடக்கணக்கில் குடித்தால் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடலாம் என்கிறார்கள். கர்ப்பிணிகளைப் பற்றிக் கேட்டால் ஒரு ஆய்வு ஆமாம் என்கிறது, இன்னொன்று உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறது. அதனால் அங்கே ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். லிட்டருக்கு நூறு மைக்ரோகிராம்.

அந்த வகையறாவுக்கு ஒரு குணம், ஓரிடத்தில் தரிக்காது. பாட்டிலில் காற்றுக்கு இடம் விட்டால் தண்ணீரை விட்டு அங்கே குடிபெயரும். மூடியைத் திறந்ததும் ஜன்னல் வழியாக ஊரைவிட்டே போய்விடும். அதனால்தான் எல்லாப் புத்தகங்களிலும், பாட்டிலைத் ததும்ப நிறை, மூடித் தலைகீழாகத் திருப்பு, ஒரு குமிழி தெரிந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி பிடி என்று எழுதியிருக்கும். ரெண்டு விரல் புத்தகம் படித்தவர் இல்லை. சுற்றறிக்கை படித்தவர்.

ஆக, பதினோரு வருடமாக அந்த ஊர்த் தண்ணீர் ஐம்பத்தைந்து, அறுபது, ஐம்பத்தெட்டு என்று நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. தூய குடிநீருக்கான விருது நான்கு முறை கிடைத்தது. நான்கும் பெரிய இன்ஜினியரின் அறைச் சுவரில், அவர் தலைக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கின.

இந்தத் தண்ணீருக்கெல்லாம் கையெழுத்துப் போடுகிறவன் கெமிஸ்ட். முப்பத்திரண்டு வயது. ஐந்து வருடத்துக்கு முன் வேலையில் சேர்ந்த புதிதில் இந்த இடைவெளியைப் பற்றி ஒருமுறை கேட்டான். அதெல்லாம் புத்தகத்துக்குச் சரி என்றார்கள். இரண்டாவது முறை கேட்பதற்குள் அவன் மனைவி இறந்துபோனாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள், மத்தியானம் இல்லை. தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. அவன் தேடிப் பார்த்திருந்தான்.

அது நடந்து இரண்டு வருடம். அதிலிருந்து அறிக்கை வரும், கையெழுத்துப் போடுவான், அறிக்கை போகும். அவன் வேலைக்கு வந்தான் என்பதற்கு அந்தக் கையெழுத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொழுந்தியாள் வீட்டுக்குப் போவான். ஊரின் கடைசித் தெரு. ஒன்பதாவது மாதிரிக் குழாய் அங்கேதான் இருந்தது. அதற்குமேல் குழாயும் இல்லை, ஊரும் இல்லை. அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவன், வீட்டில் இருக்கும் நாள் குறைவு. இவன் போய்ப் பல்பு மாற்றுவான், கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவான், பேசாமல் உட்கார்ந்திருப்பான். அவளும் அக்காவைப் பற்றிப் பேச மாட்டாள். அது இருவருக்கும் இடையில் ஒரு ஒப்பந்தம்.

அவளுக்கு அப்போது நான்காம் மாதம். போன வருடம் ஒன்று மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. இந்த முறை டாக்டர் தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார். சமையல் மேடையில் மூன்று பாட்டில்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு ரப்பர் பேண்ட். குடித்து முடித்ததும் ரப்பர் பேண்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொள்வாள். கணக்கு தப்பாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு ரப்பர் பேண்டோடு அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, தண்ணி நீச்சல்குளம் மாதிரி நாறுது. நான் குடிக்கிறேனா நீந்துறேனான்னே தெரியல."

"குளோரின் வாசனை."

"அது தெரியுது. இது உங்க கையெழுத்துப் போட்ட தண்ணிதானே? நான் குடிக்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க, போதும்."

வரம்புக்குள்தான் இருக்கிறது என்ற வாக்கியம் அவனிடம் தயாராக இருந்தது. தொலைபேசியில் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம். அன்றைக்கு அதை எடுத்து நீட்ட முடியவில்லை.

"வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்றான்.

"ஒரு டம்ளர் தண்ணி குடிக்க வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்கணுமா? அதுவரைக்கும் என்ன பண்ண?"

கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னான். பாத்திரத்தை மூடாமல், ஜன்னலைத் திறந்துவைத்து, தளதளவென்று சில நிமிடம். பக்கத்து ஷெட்டுக்காரரிடம் கேன் வாங்கலாமா என்று அவள் கேட்டாள். மூன்று வீடு தள்ளி ஒரு தகர ஷெட் இருந்தது. வாசலில் நீலக் கேன்கள் வரிசையாக நிற்கும், ஒரு ரப்பர் குழாய் கேனுக்குக் கேன் தாவிக்கொண்டிருக்கும். அந்தக் குழாயின் மறுமுனை தெருக்குழாய்க்குள் போவதை எட்டிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றான்.

திங்கட்கிழமை ரெண்டு விரலோடு அவனும் கிளம்பினான். கெமிஸ்ட் குழாயடிக்கு வருவது அந்த அலுவலக வரலாற்றில் இல்லாதது. ரெண்டு விரலுக்கு அது தன்மேல் வந்த சந்தேகமாகப் பட்டது. எட்டு இடங்களிலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பாட்டிலை நீட்டினார். நாலாவது இடம் அவர் வீட்டுத் தெரு. அங்கே மட்டும், என் வீட்டுக் குழாயே சாட்சி, பாருங்கள் என்பதுபோல விரலை இரண்டு தடவை வைத்துக் காட்டினார்.

ஒன்பதாவது குழாயில் கெமிஸ்ட் தன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தான். ரெண்டு விரல் பிடித்து முடித்த கையோடு, அதே குழாயில் ததும்பப் பிடித்தான். மூடினான். தலைகீழாகத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தான். ஒரு குமிழி ஓடியது. கொட்டிவிட்டு மறுபடி பிடித்தான்.

"சார், சுற்றறிக்கை இருக்கு" என்றார் ரெண்டு விரல்.

"தெரியும்ணே."

"வெடிச்சா நான் பொறுப்பு இல்ல."

"அந்த ஃப்ரிட்ஜ் செத்துப் பத்து வருஷம் ஆச்சுண்ணே."

"ஃப்ரிட்ஜ்தான் செத்துச்சு, சட்டம் சாகல" என்றார் அவர். சொன்ன பிறகு, அது தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று யோசிப்பவர்போல நின்றார்.

செவ்வாய்க்கிழமை கருவி இரண்டு எண்களைத் துப்பியது. ரெண்டு விரல் பாட்டில் ஐம்பத்தெட்டு. நிறைத்த பாட்டில் நூற்று நாற்பத்தாறு. அவன் மறுபடி ஓட்டினான். மறுபடி அதே கதை. ஒரே குழாய், ஒரே நிமிடம். நடுவில் இருந்தது ஒரு மனிதரின் இரண்டு விரல் மட்டும்.

காகிதத்தை ரெண்டு விரல் வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

"மிச்சம் எண்பத்தெட்டு எங்க போச்சு சார்?"

அவன் ஜன்னலைக் காட்டினான். அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை.

புதன்கிழமை அவன் காகிதத்தோடு பெரிய இன்ஜினியர் அறைக்குப் போனான். பெரிய இன்ஜினியர் நல்லவர். யாரையும் கடிந்து பேச மாட்டார். குழு அமைப்பார். எண்ணைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மாதிரி எடுத்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றான்.

"அதான பார்த்தேன். பதினோரு வருஷமா ஒழுங்கா இருந்த தண்ணி, நீங்க தொட்டதும் கெட்டுப்போச்சா தம்பி?"

அவன் விளக்கினான். அவர் பொறுமையாகக் கேட்டார். அவர் தலைக்கு மேலே நான்கு விருதுகளும் பொறுமையாகக் கேட்டன. கடைசியில், குளோரினை நிறுத்தச் சொல்கிறீர்களா, ஊரில் காலரா வந்தால் நீங்கள் பதில் சொல்வீர்களா என்றார். நிறுத்தச் சொல்லவில்லை என்றான் அவன். தண்ணீரிலிருந்து இலைச்சேற்றை முதலில் வடிகட்டிவிட்டு அப்புறம் குளோரின் போட வேண்டும்; கடைசித் தெருவில் தேங்கிக் கிடக்கும் தண்ணீரை வால்வைத் திறந்து வெளியேற்ற வேண்டும்; இவ்வளவுதான். வால்வைத் திறந்தால் தெருவில் தண்ணீர் ஓடும், குடிநீர் வாரியம் தண்ணீரை வீணடிக்கிறது என்று ஊர் பேசும் என்றார் பெரிய இன்ஜினியர். தலைக்கு மேல் வெள்ளம் போனாலும் கால் நனையக் கூடாது அவருக்கு. கெமிஸ்ட் பாட்டிலை ஏன் நிறைத்தார் என்று விசாரிக்க மூன்று பேர் கொண்ட குழு அந்த இடத்திலேயே பிறந்தது. அறிக்கை ஐம்பத்தெட்டோடு வெள்ளிக்கிழமை கையெழுத்துக்கு வரும் என்றார்.

திட்டு வாங்கும்போது மனிதன் தலையைக் குனிந்துகொள்வது ஒருவிதத்தில் நல்லது. அவன் கண்ணில் மேசையோரம் இருந்த நீலக் கேன் பட்டது. கேன் மேல் ஒட்டியிருந்த தாளில் பனிமலை, ஓடை, ஒரு மான். மானின் காலடியில் பொடி எழுத்தில் முகவரி. கடைசித் தெரு.

பெரிய இன்ஜினியர் கேனைத் திருகி ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தார். நாள் முழுக்கப் பேசுகிற தொண்டை.

"நானெல்லாம் இந்தத் தண்ணிதான் தம்பி. வீட்டுலயும் இதேதான், எட்டு வருஷமா. உடம்புல ஒரு நோய் நொடி கிடையாது."

வியாழக்கிழமை காலையில், அலுவலகம் திறந்த கையோடு புதுக் கேன் வந்து இறங்கியது. கெமிஸ்ட் அதிலிருந்து ஒரு பாட்டில் பிடித்தான். ததும்ப. பதினோரு மணிக்கு எண் வந்தது. நூற்று முப்பத்தொன்று. எழுதி எடுத்துக்கொண்டு போய் மேசைமேல் வைத்தான். எந்த இடம் என்று பார்க்காமலே பெரிய இன்ஜினியர் பெருமூச்சு விட்டார்.

"மறுபடியும் கடைசித் தெருவா?"

"இல்ல சார். உங்க கேன்."

பெரிய இன்ஜினியர் கேனைப் பார்த்தார், மானைப் பார்த்தார். தன்னிச்சையாகக் கை அடிவயிற்றுக்குப் போனது. குரல் இறங்கியிருந்தது.

"அந்தச் சிறுநீர்ப்பை விஷயம்... அது எத்தனை வருஷம் குடிச்சா?"

"சரியாச் சொல்ல முடியாது சார். வாய்ப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்."

"கொஞ்சம்னா எவ்வளவு கொஞ்சம்?"

"அதுக்குத்தான் சார் பாட்டிலை நிறைக்கணும்."

அதற்குப் பிறகு நடந்ததை அந்த அலுவலகம் இன்றும் ஒரு புயலைப்போல நினைவில் வைத்திருக்கிறது. மனுப் போட்டு மூன்று வருடம் அசையாத வால்வு பன்னிரண்டு மணிக்குத் திறந்தது. கடைசித் தெருவில் மண்ணிறத் தண்ணீர் நான்கு மணி நேரம் ஓடியது. மக்கிய இலை நரம்புகள் சல்லடை சல்லடையாக வந்தன. வடிகட்டித் தொட்டியைக் கழுவ ஆட்கள் இறங்கினார்கள். குளோரின் போடும் குழாயை வடிகட்டிக்கு அப்பால் மாற்றிப் பொருத்தினார்கள். தெருவே கூடி நின்று, வாரியம் தண்ணீரை வீணடிக்கிறது என்று பேசியது. பெரிய இன்ஜினியர் அந்த வெயிலில் நேரில் நின்று மேற்பார்த்தார். அவர் பக்கத்தில் கேன்காரரும் நின்று, ஊருக்கு நல்லது நடப்பதைப் பார்த்து மனதாரப் பாராட்டினார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒன்பதாவது குழாயில் நிறைத்துப் பிடித்த பாட்டில் எழுபத்தொன்று காட்டியது. பெரிய இன்ஜினியர் முகத்தில் ரத்தம் திரும்பியது. குழு கலைக்கப்பட்டது. அறிக்கை மேசைக்கு வந்தது. அதில் ஒன்பதாவது இடத்துக்கு நேரே ஐம்பத்தெட்டு என்று அச்சாகியிருந்தது. அவன் பேனாவை எடுக்காமல் நின்றான்.

"தண்ணி இப்ப நல்லாத்தானே இருக்கு தம்பி? பழச எதுக்குக் கிளறணும்? அம்பத்தெட்டும் வரம்புக்குள்ள, எழுபத்தொண்ணும் வரம்புக்குள்ள. ரெண்டும் ஒண்ணுதான்."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதுபோலவே இருந்தது. அதுதான் அதில் இருந்த தொந்தரவு. ஐந்து மணிக்குள் தருவதாகச் சொல்லிவிட்டு, அறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைசித் தெருவுக்குப் போனான்.

கொழுந்தியாள் ஜன்னலைத் திறந்துவைத்துத் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். ஆவியில் முன்நெற்றி முடி ஒட்டியிருந்தது. அவனைப் பார்த்ததும் அடுப்பைச் சிறிதாக்கினாள்.

"வெள்ளிக்கிழமை வந்தாச்சு. சொல்லுங்க."

"குடிக்கலாம். இன்னிக்குக் காலையில நானே பிடிச்சுப் பார்த்தேன். எழுபத்தொண்ணு."

அவள் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்தாள். மோந்து பார்த்தாள். குடித்தாள். பிறகு டம்ளரைக் கவிழ்த்துவிட்டுக் கேட்டாள்.

"இதுக்கு முன்னாடி நாலு மாசம் குடிச்சேனே, அது?"

அவன் சட்டைப்பையிலிருந்த அறிக்கையைத் தொட்டுப் பார்த்தான்.

"போன வருஷம் குடிச்சது?"

அவன் மனதுக்குள் பதினோரு வருட எண்களும் வரிசையாக வந்து நின்றன. ஐம்பத்தைந்து, அறுபது, ஐம்பத்தெட்டு. ஒன்றுகூட எதையும் சொல்லவில்லை. அத்தனை வரிசைக்கும் கீழே, ஐந்து வருடமாக, அவன் கையெழுத்து.

"தெரியாது" என்றான். "அளந்த மாதிரி இருந்தோம். அளக்கல."

அவள் திட்டுவாள் என்று நினைத்தான். அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. அடுப்பை அணைத்தாள்.

"போன தடவை எல்லாருமே ஏதாவது ஒரு காரணம் சொன்னாங்க மாமா. நான் மாடிப்படி ஏறினது, நான் துணி அலசினது. எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது. தெரியாதுன்னு சொன்ன முதல் ஆளு நீங்கதான்." கொதித்த பாத்திரத்தை இறக்கி வைத்தாள். "தண்ணியால இல்லாமலும் இருக்கலாம், இல்லையா?"

"இருக்கலாம். பெரும்பாலும் இல்லாமதான் இருக்கும். ஆனா அதைச் சொல்ல என்கிட்ட எண் இல்ல."

"அப்ப அதையே எழுதிக் குடுங்க. இங்க வந்து என்கிட்ட மட்டும் சொன்னா எப்படி?"

அவள் அக்காவும் இப்படித்தான் பேசுவாள். ஒப்பந்தப்படி அவன் அதைச் சொல்லவில்லை.

நாலரை மணிக்கு அவன் தன் மேசையில் உட்கார்ந்து ஐம்பத்தெட்டை ஒரு கோடு போட்டு அடித்தான். நூற்று நாற்பத்தாறு என்று எழுதினான். கீழே, குழாய் கழுவிய பின் எழுபத்தொன்று என்று எழுதினான். அதற்கும் கீழே, பதினோரு ஆண்டுகளாக இடைவெளி விட்டுப் பிடித்த மாதிரிகளின் அளவுகள் எவையும் நம்பத் தகுந்தவை அல்ல என்று எழுதி, கையெழுத்துப் போட்டான். இரண்டு வருடத்தில் படித்துப் பார்த்துப் போட்ட முதல் கையெழுத்து. பிரதியை, விதிப்படி அனுப்ப வேண்டிய சுகாதாரத் துறைக்கு, அவனே போய்ப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்து மூலத்தைப் பெரிய இன்ஜினியர் மேசையில் வைத்தான்.

பெரிய இன்ஜினியர் படித்துவிட்டுத் தலைக்கு மேலே பார்த்தார்.

"இதுல அஞ்சு வருஷம் உங்க கையெழுத்தும் இருக்கு தம்பி."

"இருக்கு சார். அதையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கேன்."

திங்கட்கிழமை இரண்டு காகிதங்கள் வந்தன. ஒன்று, கெமிஸ்ட்டை அடுத்த மாதம் முதல் மீட்டர் பழுதுபார்க்கும் பிரிவுக்கு மாற்றும் உத்தரவு. இன்னொன்று, புதுச் சுற்றறிக்கை. அலுவலகக் கேனிலிருந்து வாரம் ஒரு மாதிரி, பாட்டிலை முழுவதும் நிறைத்து எடுக்க வேண்டும். பொதுக் குழாய்களைப் பொறுத்தவரை பழைய நடைமுறையே தொடரும்.

ரெண்டு விரல் அதை அறிவிப்புப் பலகையின் முன் நின்று படித்தார். சத்தம் போட்டே படித்தார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார்.

மத்தியானம் திரும்பி வந்தபோது தூங்குகிற குழந்தையைச் சுமப்பவர்போல நடந்து வந்தார். பையை மேசையில் மெல்ல இறக்கினார். ஒன்பது பாட்டில்களும் மூடிவரை நிறைந்திருந்தன. சட்டையெல்லாம் ஈரம்.

"சுற்றறிக்கை இருக்குண்ணே" என்றான் கெமிஸ்ட்.

"படிச்சேன் சார். நாலாவது குழாய் என் வீட்டுத் தெரு. என் பேத்தி அதைத்தான் குடிக்குது." ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "விரலுக்கு இனிமே வேற வேலை பார்த்துக்கறேன்."

நாலாம் எண் போட்ட பாட்டிலை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இருவரும் பார்த்தார்கள். குமிழி இல்லை.